நிறுத்திய இடத்திலிருந்து

என் தந்தை 1981 முதல் 1996 வரை வானொலியிலிருந்து பதிவு செய்து வைத்த கேசட்டுகள் மொத்தம் 177. ஸ்ரீரங்கத்து வீட்டுக் கூடத்தில், ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்த, அந்நாளில் எல்லோரும் ‘டூ இன் ஒன்’ என்று அழைத்த பெட்டி ஒன்று இருந்தது. திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸில் முள்ளை நிறுத்தி, கச்சேரி தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே நாடாவைச் சரியான இடத்துக்கு ஓட்டி வைத்து, விரலைப் பொத்தான்மேல் வைத்தபடி அவர் உட்கார்ந்திருப்பார். அந்த ஒன்றரை மணி நேரமும் சமையலறையில் மிக்ஸி ஓடக்கூடாது. யாரும் டியூப்லைட்டைப் போட்டு அணைக்கக்கூடாது. மத்திய அலை (மீடியம் வேவ்) ஒலிபரப்பில் அந்தக் கரகரப்பு அப்படியே பதிவாகிவிடும். கச்சேரி முடிந்ததும் ராகம், தாளம், பக்கவாத்தியக்காரர்களின் பெயர், தேதி ஆகியவற்றைக் கேசட் அட்டையில் பச்சை மையால் எழுதுவார். சில அட்டைகளில், அடைப்புக்குறிக்குள், ‘மழை, இரைச்சல்’ என்றும் இருக்கும்.

மூன்று ஆண்டுகளாக விடுமுறை நாள்களில் இந்தக் கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றி வருகிறேன். 140 முடிந்திருக்கின்றன. மாற்றும் வேலையில் மூழ்கியிருந்தவரை எழாத ஒரு கேள்வி, கோப்புகள் குவிந்த பிறகு எழுந்தது: இவற்றை எங்கே, எதில் கேட்பது? வீட்டில் அமைதியாக ஒன்றரை மணி நேரம் உட்கார வாய்ப்பில்லை. எனக்கு வாய்த்த ஒரே நேரம் மின்சார ரயிலில்தான். சிங்கப்பெருமாள் கோயிலில் ஏறிக் கிண்டியில் இறங்க ஏறக்குறைய ஒரு மணி நேரம், திரும்பவும் அவ்வளவே. ஆகவே சட்டைப் பையில் அடங்கும் ஓர் இசைக் கருவியைத் தேடத் தொடங்கினேன். கருவியை வாங்கப் பத்து நாள் போதும் என்று நினைத்த எனக்கு ஏழு மாதம் ஆயிற்று.

கைப்பேசி இருக்கும்போது தனிக் கருவி எதற்கு என்று அலுவலகத்தில் கேட்காதவர்கள் இல்லை. கைப்பேசியால் முடியாது என்று நான் சொல்லமாட்டேன், முடியும். ஆனால் கைப்பேசியில் பாட்டு என்பது பத்துப் பதினைந்து வேலைகளுள் ஒன்று. ஆலாபனை தார ஸ்தாயி ஷட்ஜத்தை, அதாவது மேல் ‘ஸ’வை, தொடப்போகும் நேரத்தில் கடன் அட்டை விற்பவரின் அழைப்பு வரும். நிலையத்தில் பயணச்சீட்டை எடுக்கவோ வழிப்பறிக்கு அஞ்சிக் கைப்பேசியை உள்ளே வைக்கவோ வேண்டியிருக்கும். என் கைப்பேசியில் இயர்போன் செருகும் துளையும் கிடையாது. புளூடூத் இயர்போனின் மின்னேற்றம் தீர்ந்த மாலைகளில், பாட்டு இருந்தும் கேட்க வழியில்லாமல் தாம்பரம் வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்ததுண்டு.

முதலில் இணையக் கடையொன்றில், ஆயிரத்துச் சொச்ச ரூபாய்க்கு, பெயர் கேள்விப்படாத ஒரு கருவியை வாங்கினேன். அதை வாங்கியதற்காக இப்போது வருத்தமில்லை. ஓர் இசைக் கருவியிடம் எதையெல்லாம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பதை அதுதான் கற்றுத் தந்தது. ஒலி குறைசொல்லும்படி இல்லை. ஆனால் அணைத்துவிட்டு மறுபடி இயக்கினால் அது முதல் கோப்பின் முதல் நொடியிலிருந்து தொடங்கும். மூன்று நிமிடத் திரைப்பாடல் கேட்பவருக்கு இது ஒரு குறையாகவே தோன்றாது. என் கோப்பு ஒவ்வொன்றும் கேசட்டின் ஒரு பக்கம், அதாவது 45 நிமிடம். விரைவாக முன்னே நகர்த்தும் பொத்தானை அழுத்திப் பிடித்தால், அரை மணி நேரத்தைக் கடப்பதற்குள் வண்டலூர் வந்துவிடும். இரண்டு வாரம் ஒரே கல்யாணி ராகத்தின் முற்பகுதியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன். இன்றும் அந்த ஆலாபனையின் தொடக்கம் எனக்கு மனப்பாடம்.

அதன் இன்னொரு குணமும் வேடிக்கையானது. கோப்புகளுக்கு 001, 002 என்று எண்ணிட்டு வைத்திருந்தும் அது வரிசையாக இசைக்கவில்லை. மலிவான கருவிகள் பல, நினைவக அட்டையின் கோப்புப் பட்டியலில் கோப்புகள் எந்த வரிசையில் எழுதப்பட்டனவோ அந்த வரிசையிலேயே படிக்கின்றன; பெயரைப் பார்த்து வரிசைப்படுத்தும் வேலையை அவை செய்வதில்லை. பல கோப்புகளை ஒன்றாகத் தேர்ந்தெடுத்து நகலெடுக்கும்போது கணினி தன் வசதிப்படி முன்பின்னாக எழுதிவிடும். அதனால் ஒரு கேசட்டின் இரண்டாம் பக்கம் முதலிலும் முதல் பக்கம் பிறகும் வந்தன. கடைசியில் பாடும் மங்களம் முடிந்த பிறகு முதலில் பாடும் வர்ணம் வரும் கச்சேரியை நான் அங்கேதான் கேட்டேன்.

அடுத்து, எதிர்த்திசையில் போனேன். விலை உயர்ந்த கருவிகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். 2001ஆம் ஆண்டு அக்டோபரில் 5 ஜிபி வன்தட்டுடன் அறிமுகமான ஐபாட், இந்தப் பொருளை உலகம் முழுக்கப் பரவச் செய்தது. ஆப்பிள் நிறுவனம் 2014இல் ஐபாட் கிளாசிக்கையும் 2022இல் அந்த வரிசை முழுவதையும் நிறுத்திவிட்டது. பெருங்கூட்டம் கைப்பேசிக்குப் போய்விட்ட பிறகு இந்தச் சந்தையில் எஞ்சியிருப்பவர்கள் பெரும்பாலும் இரு வகையினர்: ஓடுவதற்கும் உடற்பயிற்சிக்கும் சின்னஞ்சிறு கருவி தேடுபவர்கள், ஒலித்தரத்தில் உச்சத்தைத் தேடுபவர்கள். இரண்டாம் வகையினருக்காகச் சோனியும், பியோ போன்ற சீன நிறுவனங்களும் அழகான கருவிகளைச் செய்கின்றன. சோனியின் என்டபிள்யூ-ஏ306 கருவியைக் கடையில் கையில் எடுத்துப் பார்த்தபோது, உண்மையைச் சொன்னால், திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. பக்கவாட்டில் நல்ல பொத்தான்கள், அட்டை செருகும் இடம், தெளிவான திரை.

ஆனால் அந்த வகைக் கருவிகளின் விளம்பரத்தில் முன்னிற்பவை, ஒலியை எவ்வளவு நுணுக்கமாக அளந்து பதிகிறார்கள் என்பதைச் சொல்லும் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் போன்ற எண்கள். அந்த எண்களை என் கேசட்டுகளோடு பொருத்திப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. குறுந்தகட்டின் அளவான 44.1 கிலோஹெர்ட்ஸ், நொடிக்கு 44,100 மாதிரிகளை எடுப்பதால், 22,050 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைக் குறைவின்றித் தரக்கூடியது. மனிதக் காதின் மேல் எல்லை இளமையில் 20,000 ஹெர்ட்ஸ். வயது ஏற ஏற அது இறங்கிக்கொண்டே வரும். நம் நாட்டில் மத்திய அலை நிலையங்களுக்கு இடையே விடப்படும் இடைவெளியோ 9 கிலோஹெர்ட்ஸ்தான். அந்த ஒடுக்கமான பாதையில் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி பெரிதாக எதுவும் வந்து சேராது. அப்படி வந்ததை ஒரு வீட்டு டேப் ரெக்கார்டர் சாதாரண நாடாவில் பிடித்து, அது முப்பது நாற்பது ஆண்டு அலமாரியில் கிடந்திருக்கிறது. 16 பிட் பதிவு, உரத்த ஒலிக்கும் மிக மெல்லிய ஒலிக்கும் இடையே 96 டெசிபல் வேறுபாட்டைக் காட்ட வல்லது. அத்தகைய நாடா அதில் பாதியைச் சற்றுத் தாண்டினாலே பெரிது. என் தந்தையின் கேசட்டை 192 கிலோஹெர்ட்ஸில் கேட்பது, மண்பானைத் தண்ணீரை வைரம் நிறுக்கும் தராசில் நிறுப்பதற்கு ஒப்பாகும். புதிதாக ஒலிக்கூடத்தில் பதிவான இசையைக் கேட்பவருக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். அவர்களுக்கும் அது விளம்பரம் சொல்லும் அளவுக்கு மாறாது என்பது என் எண்ணம். காசை இயர்போனில் போட்டால் வேறுபாட்டை எவரும் கேட்க முடியும்.

கொள்ளளவுக் கணக்கு எளிதாக முடிந்தது. 140 கேசட்டுகள், ஒவ்வொன்றும் 90 நிமிடம் என்றால் 210 மணி நேரம். ஒற்றைத் தடத்தில் (மோனோ), சுருக்காமல், நிமிடத்துக்கு 5.3 எம்பி வீதம் ஏறத்தாழ 67 ஜிபி. ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் முறையில் 40 ஜிபி ஆயிற்று. ஃபிளாக் இதைவிட நன்றாகச் சுருக்கும் என்று எதிர்பார்த்தேன்; ஆனால் அந்த முறை ஒலியலையின் அடுத்த புள்ளியை ஊகித்துத்தான் இடத்தை மிச்சப்படுத்துகிறது, நாடாவின் ‘உஸ்’ என்ற இரைச்சலோ ஊகத்துக்கு அடங்காதது. பாட்டைவிட இரைச்சலுக்கே அட்டையில் அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன் என்று என் மனைவி சொன்னது முழுக்கத் தவறல்ல. நொடிக்கு 128 கிலோபிட் வீதம் எம்பி3யாக மாற்றியிருந்தால் எல்லாம் ஏறத்தாழ 12 ஜிபியில் அடங்கியிருக்கும்.

எம்பி3யை நான் தவிர்த்ததற்குத் தரம் காரணமல்ல. அந்த முறை ஒலியை 1,152 மாதிரிகள் கொண்ட துண்டுகளாக வெட்டி வைக்கிறது. கடைசித் துண்டு நிரம்பாவிட்டால் வெறுமையால் நிரப்புகிறது. தொடக்கத்திலும் சிறிது வெறுமை சேர்கிறது. அந்த வெறுமையைக் கணக்கிட்டு நீக்கத் தெரியாத கருவியில், ஒரு கோப்பு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் நொடியின் ஒரு சிறு பங்கு மௌனம் விழும். தனித்தனிப் பாடல்களுக்கு இது பொருட்டே இல்லை. கச்சேரியில் ஒன்றையடுத்து ஒன்றாகத் தொடர்ந்து பாடும் ராகம் தானம் பல்லவியை மூன்று கோப்புகளாகப் பிரித்து வைத்திருந்தால், தானத்தின் நடையில் ஒரு கல் தடுக்கும்.

நினைவக அட்டை விஷயத்தில் ஒருமுறை ஏமாந்தேன். சாலையோரக் கடையில் பாதி விலைக்கு வாங்கிய 128 ஜிபி அட்டை, கணினியில் 128 என்றே காட்டியது. முதல் சில கேசட்டுகள் நன்றாக ஒலித்தன. பிறகு வந்த கோப்புகள் பெயரளவில் இருந்தன, திறந்தால் ஒன்றுமில்லை. உள்ளே மிகச் சிறிய அட்டை இருக்க, தன் அளவைப் பொய்யாகச் சொல்லும்படி அதை அமைத்திருக்கிறார்கள். எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 போன்ற இலவச நிரல்கள் அட்டை முழுவதையும் எழுதி, மறுபடி படித்துப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும். ஓர் இரவு ஆகும். அட்டை வாங்கிய அன்றே அந்த இரவைச் செலவிட வேண்டும் என்பேன்.

இதற்குப் பிறகு நான் அதிக நாள் செலவிட்டது தமிழ் எழுத்தில். தந்தை அட்டையில் எழுதியதை அப்படியே கோப்பின் விவரக் குறிப்புகளில் தமிழில் ஏற்றியிருந்தேன்: பாடகர் பெயர் அதன் இடத்தில், இயற்றியவர் இடத்தில் தியாகராஜர் அல்லது தீட்சிதர், இசை வகை என்று மேற்கத்தியர் வைத்திருக்கும் இடத்தில் ராகம். கணினியில் பார்க்க அழகாக இருந்தது. கையடக்கக் கருவிகளுக்கு வந்தபோது, சிலவற்றில் வெறும் கட்டங்கள். இன்னும் சிலவற்றில் எழுத்துரு இருந்தும் கொம்பு இடம் மாறியது. ‘கேதாரம்’ என்பதைக் கணினி சேமிக்கும்போது முதலில் ககரம், பிறகு ஏகாரக் குறி என்ற வரிசையில்தான் சேமிக்கும். திரையில் காட்டும்போது கொம்பை ககரத்துக்கு முன்னே கொண்டுவருவது தனியொரு வேலை. அந்த வேலையைச் செய்யும் மென்பொருள் இல்லாத கருவியில் ககரத்துக்குப் பின்னால், அடுத்த எழுத்துக்குச் சொந்தமானதுபோல், கொம்பு நிற்கும். ‘தோடி’யின் கதி இன்னும் மோசம்: கொம்பும் காலும் சேர்ந்து ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். ஆண்ட்ராய்டில் ஓடும் விலையுயர்ந்த கருவிகளில் இந்தச் சிக்கல் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

வேறு வழியின்றி ஆங்கில எழுத்துக்கு மாறினேன். அங்கே வேறொரு தொல்லை. தோடியை ‘எச்’ போட்டும் போடாமலும் எழுதியிருந்தேன். சங்கராபரணத்துக்கு மூன்று விதம். கருவியின் பட்டியலில் ஒரே ராகம் மூன்று ராகங்களாகப் பிரிந்து நின்றது. உட்கார்ந்து ஒரு முறைமையை வகுத்து, 280 கோப்புகளையும் திருத்தினேன். கடைசியில் நான் நம்பியது விவரக் குறிப்பை அல்ல, கோப்புறையை. ஒவ்வொரு கேசட்டும் ஒரு கோப்புறை, அதன் பெயரின் முன்னால் தந்தை போட்ட வரிசை எண். எண்களைக் காட்டத் தெரியாத கருவி எதுவும் இல்லை. 63 என்றால் எந்தக் கச்சேரி என்று எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தபோது எனக்கு வேண்டியது தெளிவாகிவிட்டது. நிறுத்திய இடத்தை நினைவில் வைக்க வேண்டும். ஒரு கோப்புக்கு மட்டுமல்ல, பாதியில் விட்ட ஒவ்வொரு கச்சேரிக்கும் தனித்தனியாக. கோப்புறை வரிசையில் இசைக்க வேண்டும். இடைவெளியின்றித் தொடர வேண்டும். ரயிலில் ஒரு கை கம்பியைப் பிடித்திருக்க, மறு கை சட்டைப் பைக்குள் இருந்தபடியே இயக்கக்கூடிய நிஜமான பொத்தான்கள் வேண்டும்; தொடுதிரையைப் பார்க்காமல் இயக்க எனக்குத் தெரியவில்லை. இவை அனைத்தும் ஒன்றாக அமைந்தது புதிதாக விற்கும் எதிலும் அல்ல, 2009இல் வந்த சான்டிஸ்க் சான்சா கிளிப் பிளஸ் என்ற, தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய பழைய கருவியில்.

அதுவும் அந்த நிறுவனம் தந்த மென்பொருளில் அல்ல. ராக்பாக்ஸ் என்று ஒரு மென்பொருள் உண்டு. ஆர்க்கோஸ் நிறுவனக் கருவியின் மென்பொருளில் நிறைவில்லாத சில நிரலாளர்கள் 2001இல் தொடங்கிய அந்தக் கூட்டுப் பணி, பிறகு பல நிறுவனங்களின் கருவிகளுக்கும் விரிந்தது; விலை கிடையாது. கிளிப் பிளஸ்ஸில் அதை ஏற்றி, அதற்கான அமைப்பை இயக்கிவிட்டால், நிறுத்தும்போதெல்லாம் அந்த இடத்தில் அடையாளம் வைத்துக்கொள்ளும். நான் பாதியில் விட்டிருக்கும் ஏழு கச்சேரிகளில் எதற்கும், எந்த நாளும், விட்ட ஸ்வரத்திலிருந்து திரும்பலாம். பழைய மென்பொருள் 32 ஜிபி அட்டைக்கு மேல் ஏற்பதாகச் சொல்லவில்லை. ராக்பாக்ஸிலோ, ஃபேட்32 என்ற கோப்பு முறையில் வடிவமைத்துச் செருகிய 128 ஜிபி அட்டை ஒழுங்காக வேலை செய்கிறது. பின்னாளில் வந்த கிளிப் ஜாம், கிளிப் ஸ்போர்ட் ஆகியவற்றில் ராக்பாக்ஸ் ஓடாது என்பதால், பெயர் ஒன்றுபோல் இருக்கிறதே என்று வாங்கிவிடக்கூடாது.

ராக்பாக்ஸில் நான் எதிர்பாராத ஒன்று கிடைத்தது. எம்.டி. ராமநாதனின் கச்சேரி ஒன்று எங்கள் கேசட்டில் இருக்கிறது. அவருடைய தாழ்ந்த சுருதியும் அவசரமே இல்லாத காலப்பிரமாணமும் (பாடும் வேகமும்) கேட்டவர் மறக்கக்கூடியவை அல்ல. என் கோப்பில் அவர் சற்று உயர்ந்த சுருதியில், ஏதோ ரயிலைப் பிடிக்கப் போகிறவர்போல் பாடினார். பதிவு செய்த நாளில் அந்த டூ இன் ஒன் நாடாவை மெதுவாக இழுத்திருக்க வேண்டும்; சரியான வேகத்தில் ஓடும் என் கருவியில் அது விரைவாக ஒலிக்கிறது. ராக்பாக்ஸில் சுருதியையும் வேகத்தையும் நூற்றுக்குச் சிறு பங்கு அளவில் இறக்க முடியும். ஐந்து விழுக்காடு இறக்கினேன். அவர் அவராக மீண்டார். முறையாகச் செய்வதானால் இதைக் கணினியிலேயே கோப்பில் திருத்த வேண்டும், செய்வேன்.

பொங்கலுக்கு ஸ்ரீரங்கம் போயிருந்தபோது கருவியை அப்பாவிடம் கொடுத்தேன். 63ஆம் எண்ணை அவரே கேட்டு வாங்கினார். ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் தொடங்கும் இடத்தில் நாடா நிற்கும் ‘டக்’ ஒலி வரும். பிறகு பாட்டு சில ஆவர்த்தனங்கள் (தாளச் சுற்றுகள்) தள்ளிப்போய்த் தொடரும். எந்தக் கருவியாலும் நிரப்ப முடியாத இடைவெளி அது. அந்த இடத்தில் அப்பா இயர்போனைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: “திருப்பிப் போடற நேரத்துலதான் உங்கம்மா காபி கொண்டு வந்தா. டம்ளரை எங்க வைக்கறதுன்னு தெரியாம ரெண்டு ஆவர்த்தம் போச்சு.”

கிளிப் பிளஸ்ஸுக்குக் குறைகள் உண்டு. திரையில் தமிழ் வராது. மஞ்சள் நிறத்தில் மேலே ஒரு பட்டை, கீழே நீல எழுத்துகள், வெயிலில் ஒன்றும் தெரியாது. புதிதாக எங்கும் கிடைப்பதில்லை. நான் வாங்கியது பழையது. அதன் பேட்டரி மூன்று மணி நேரம்கூட நிற்கவில்லை. பேட்டரியைக் கழற்றி மாற்றும்படி அதைச் செய்யவில்லை. மேலோட்டை நெம்பித் திறந்து, கம்பிகளைப் பற்றவைக்க வேண்டும். சென்னையில் மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் நான்கு கடைகள் முடியாது என்றன. ஐந்தாவது கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுக்குன்னு பேட்டரி வராது சார், புளூடூத் ஸ்பீக்கர்ல வர்றது ஒண்ணு அளவு ஒத்துவரும், போட்டுப் பாக்கலாம்” என்றார். அளவு ஒத்துவந்தது. இப்போது பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடுகிறது. வாரத்தில் ஒருமுறை மின்னேற்றினால் போதும். கருவிக்கும் பேட்டரிக்கும் அட்டைக்கும் சேர்த்துக் கொடுத்ததைவிட இயர்போனுக்குக் கொடுத்தது அதிகம்.

பொங்கல் முடிந்து கிளம்பும்போது கருவியை அப்பா திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அதனால் இன்னொரு கிளிப் பிளஸ் தேடிக்கொண்டிருக்கிறேன். கோயம்புத்தூரில் ஒருவர் விற்கிறார். ஒலிக் குறைப்புப் பொத்தான் சற்று அழுந்தித்தான் வேலை செய்யும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். அது வருவதற்குள் மீதி 37 கேசட்டுகளில் ஒரு பத்தையாவது முடித்துவிட வேண்டும். 141ஆம் கேசட்டின் நாடா, உருளையில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது.